அஞ்செட்டிக் கறுப்பு

எங்கள் ஐயா பணம் வாங்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். தர்மபுரியில் அவர் நாற்காலியில் இருந்த மூன்று வருஷத்தில் ஒரு ரூபாயோ, ஒரு தீபாவளி ஸ்வீட் பாக்கெட்டோ, ஏன், ஒரு ஓசி டைரியோகூட அவர் கைக்குப் போனதில்லை. மாற்றல் கேட்டுப் போன ஒருத்தர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்ததற்கு மெமோ வாங்கினார். நெருப்பு, நெருப்பு என்று இலாகா முழுக்கப் பேச்சு. எந்த இலாகா என்று மட்டும் கேட்காதீர்கள். என் பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

ஐயா வாங்க மாட்டார். ஐயாவின் சம்சாரம் செடி வாங்கிக்கொள்வார்.

செடி லஞ்சத்தில் சேராது பாருங்கள். மண்ணில் முளைக்கிறது, மழையில் வளர்கிறது, இதில் லஞ்சம் எங்கே வந்தது? ஆனால் எல்லாச் செடிக்கும் அந்த மரியாதை கிடையாது. ரோஜாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களை பியூன் ராஜப்பன் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு வேண்டியது யானைக்காதுச் சேம்பு. அதுவும் நாம் கிழங்கைப் பிடுங்கிக் குழம்பு வைக்கிற பச்சைச் சேம்பு இல்லை. ரத்தம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளி போட்டது, வெள்ளை இலையில் பச்சை நரம்பு ஓடுவது, முறம் அகலத்துக்கு விரிந்து வெள்ளிப் பூச்சு பூசியது என்று பங்களாவின் பின்பக்கத்தில் நாற்பத்து மூன்று தொட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தகரத்தில் பெயர் எழுதிச் செருகியிருக்கும். எங்கள் ஆபீசில் ஃபைல்களுக்குக்கூட அப்படி ஒழுங்காகப் பெயர் எழுதி நான் பார்த்ததில்லை.

நான் சவரிராயன். எண்பத்து நாலில் அஞ்செட்டி கிளை ஆபீசில் கிளார்க். வீடு கடத்தூரில். ஒரே ஜில்லாதானே என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி, அப்புறம் கடத்தூர். பஸ் மாறி மாறி வீடு வந்து சேருவதற்குள் சட்டையும் நானும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் வருவேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பிவிடுவேன். அஞ்செட்டியில் பாதிப் பேர் கன்னடம். "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று அன்பாகக் கேட்பார்கள். ஆகவில்லை என்று சொல்லும் அளவுக்குக்கூட எனக்குக் கன்னடம் வராது. அதனால் மூன்று வருஷமாகச் சாப்பிட்டாயிற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி புஷ்பமேரி கடத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். அந்த வேலையை விட்டுவிட்டு அஞ்செட்டிக்கு வா என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, என் சம்பளத்துக்குத் தெம்பும் இல்லை. மூன்று வயதில் ஒரு மகள், ஞானமேரி. பையோடு வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் அவளுக்கு மாமா. பால் சொசைட்டிக்காரர் ஒரு மாமா, போஸ்ட்மேன் ஒரு மாமா. நான் வந்தால், "அம்மா, மாமா வந்திருக்காரு" என்று உள்ளே ஓடுவாள்.

"மாமா இல்லடி, அப்பா" என்று புஷ்பமேரி ஒவ்வொரு வாரமும் திருத்துவாள்.

"அப்பா மாமா" என்பாள் குழந்தை. கேட்டுவிட்டுச் சிரிப்போம். நான் சிரிப்பது வெளியே மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அந்த "மாமா" காதிலேயே இருக்கும். பாலக்கோடு தாண்டும்வரை யாரோடும் பேச மாட்டேன்.

கடத்தூர் ஆபீசில் ஜூன் மாதம் ஒரு சீட் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு ஜுரமே வந்துவிட்டது. மனு எழுதி எடுத்துக்கொண்டு நேரே ராஜப்பனிடம் போனேன். அவர் என் மனுவைப் படிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். மனு ஒன்றுதான் இருந்தது.

"காகிதம் மட்டும் கொண்டாந்தா எப்பிடிங்க?" என்றார். "அம்மா ஒரு படம் வச்சிருக்காங்க. அதைப் போய்ப் பாத்துட்டு வாங்க."

ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம். ஹாலில் டீப்பாய்க் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார் அம்மா. எங்கள் வீட்டில் ஏசுவின் திருஇருதயப் படத்துக்குக்கூட அப்படிக் கண்ணாடி கிடையாது. படத்தில் ஒரு யானைக்காது. தண்டு கறுப்பு, இலை கறுப்பு. கத்தரிக்காய்த் தோல் மாதிரி மினுமினுவென்று ஒரு கறுப்பு.

"இந்த வெரைட்டி நம்ம பக்கம் எங்கயாவது இருக்கும்னு என் மனசு சொல்லுது" என்றார் அம்மா. "யாராவது கண்டுபிடிச்சுக் குடுத்தா அவங்களை மறக்கவே மாட்டேன்."

அன்றைக்கு என்னோடு இன்னும் நாலு பேர் ஆளுக்கொரு தொட்டியோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: எங்கே கிடைத்தது? ஒருத்தர் அரூர் என்றார். ஒருத்தர் பாலக்கோடு என்றார். நாலாவது ஆள் குப்புராஜ், பென்னாகரம் கிளார்க். கடத்தூர் சீட்டுக்கு அவனும் மனு போட்டிருந்தான். வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு சாதாரணச் சேம்பை நீட்டி, "இது கடத்தூர்ப் பக்கம் ஒரு கிணத்து மேட்டுல கெடைச்சதும்மா. அங்க இன்னும் தினுசு தினுசா இருக்குதுங்க. தேடத்தான் ஆளில்லை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டால்டா டப்பாவில் நின்ற அதே செடியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கிடைத்ததை எதற்குக் கடத்தூர் என்று சொல்கிறான், பொய் சொல்லக்கூடத் தெரியாத மடையன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா? நன்றாக நினைத்தேன்.

வெளியே வரும்போது ராஜப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இன்னொண்ணுங்க. காசு குடுத்து வாங்கின செடி, கேட்டு வாங்கின செடி, ரெண்டும் அம்மா கையில தங்காது. அழுகிப்போவுது. போன வருசம் ஒருத்தர் கேட்டு வாங்கிக் குடுத்தாரு. ஒரே மாசத்துல செடியும் போச்சு, அவரு கேட்ட சீட்டும் போச்சு. சேம்புன்னா யாருக்கும் தெரியாம எடுத்தாரணும். அப்பத்தான் தழையும்."

இதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். மணிபிளாண்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் எல்லார் வீட்டிலும் கிள்ளியிருக்கிறோம். ஆனாலும் திருட முதலில் செடி இருக்க வேண்டுமே!

தேடினேன். தேடின கதையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். அந்தப் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்த, இமயமலை அடிவாரத்து நர்சரி ஒன்றுக்குக் கடுதாசி போட்டேன். போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி எடுக்கிற வி.பி.பி.யில் பார்சல் வந்தது. உள்ளே பூண்டு அளவில் ஐந்து கிழங்கு, தலா ஒரு நீளமான லத்தீன் பெயரோடு. அஞ்செட்டி போஸ்ட் மாஸ்டர் அதை ஏதோ வெடிமருந்து என்று நினைத்து இரண்டு நாள் தண்ணீர் வாளிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்கியது தங்காது என்று ராஜப்பன் சொல்லியிருந்தாலும், வளரட்டும், வளர்ந்த பிறகு நானே என் வீட்டிலிருந்து திருடிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. ஐந்தும் முளைத்தன. ஐந்தும் பச்சை. புஷ்பமேரி வாரச் சந்தையில் வாங்கிப் புளி ஊற்றி வறுக்கிற அதே சேம்பு, இமயமலையைச் சுற்றிவிட்டு வந்திருந்தது.

பெங்களூருக்குப் போனேன். ஒரு பார்க் வாசலில் செடி விற்கிற ஆள் கறுப்பு யானைக்காது வைத்திருந்தான். படத்தில் இருந்ததைவிடக் கறுப்பு. கேட்ட விலையைக் கொடுத்து, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓசூர் தாண்டியதும் மழை. ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. தொட்டி நனைந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர், "சார், உங்க செடி சாயம் போவுது" என்றார். பூட் பாலீஷ்! இலைக்கு இலை, அடியும் மேலுமாக, துணி போட்டுத் தேய்த்திருந்தான். அந்தச் சிரத்தையில் பாதி என் பூட்ஸுக்கு நான் காட்டியதில்லை. வெள்ளைச் சட்டை போயிற்று.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற மாதுவிடம் சொல்லிவைத்தேன். "கறுப்புச் சேம்புங்களா? பாறைச் சந்துல நெறைய கெடக்குது சார்" என்று என்னை ஏற்றிக்கொண்டு, மீன் வறுவல் வாங்கித் தின்னவைத்து, மூன்று மணி நேரம் காவிரியில் சுற்றிக் காட்டினான். கடைசியில் ஒரு பாறை இடுக்கில் காட்டியது எல்லாம் பச்சை.

"என்னப்பா, பச்சையா இருக்குது?"

"இப்ப பச்சைங்க. பொழுது எறங்கட்டும், பாருங்க, கறுப்பாத் தெரியும்" என்றான் மாது.

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பொழுது இறங்கின பிறகு நானும் கறுப்புதான்.

இப்படி மார்ச் போனது, ஏப்ரல் போனது. மே மாதம் ஒரு ஞாயிறு, புஷ்பமேரியின் சின்னம்மா ராயம்மாள் வீட்டில் சாப்பாடு. கடத்தூரிலேயே பின்தெரு. முன்பக்கமாகப் போய் முன்பக்கமாகவே வந்து பழக்கம் எனக்கு. மாப்பிள்ளைக்குக் கொல்லைப்பக்கம் என்ன வேலை? அன்றைக்குத் தண்ணீர்ப் பானை காலி. கை கழுவக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லிலிருந்து ஓடுகிற சாக்கடையில், சோப்பு நுரைக்கு நடுவில், அது நின்றுகொண்டிருந்தது. ஒன்றில்லை, இருபது முப்பது. கறுப்புத் தண்டு. கத்தரிக்காய்த் தோல் மினுமினுப்பு. அதன் மேல் ராயம்மாள் ஒரு பழைய பாவாடையைக் காயப்போட்டிருந்தாள்.

நான் கையைக் கழுவாமலே நின்றேன். இமயமலை, பெங்களூர், காவிரி எல்லாம் அலைந்தவன், மாமியார் வீட்டுச் சாக்கடையை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்!

"என்ன மாப்ள, சோப்பு வேணுமா?" என்று உள்ளிருந்து ராயம்மாள் கேட்டாள்.

அந்த நிமிஷம் வாயைத் திறந்து, "அத்தை, இதுல ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கோணியில் போட்டுக் கொடுத்திருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ராஜப்பன் சொன்னதும் அங்கேயே வந்து நின்றது. கேட்டு வாங்கினால் அழுகும். செடி அழுகினால் சீட்டு அழுகும். என் மகள் கல்யாணத்துக்கும் என்னை மாமா என்றே பந்தியில் உட்காரவைப்பாள். "வேண்டாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அடுத்த ஞாயிறு, வயிற்றுவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் தங்கிவிட்டேன். ராயம்மாள் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள். அவள் பாட்டு கேட்டால் சாமியாரே வேகமாக முடித்துவிடுவார் என்று பேச்சு. நேரம் அதிகமில்லை. வேலி தாண்டிக் கொல்லைக்குள் இறங்கினேன். படித்த ஆள், அரசாங்க உத்தியோகஸ்தன், சாக்கடையில் முழங்கால் அளவு நின்று வெறுங்கையால் கிழங்கு தோண்டினேன். தாய்ச்செடி ஒன்று, பக்கக்கன்று இரண்டு. கோயில் மணி அடித்தது, தேவ அப்பம் உயர்த்துகிற நேரம். பழக்கதோஷம், சாக்கடையிலேயே தலைகுனிந்து நின்றேன். அப்புறம் மறுபடி தோண்டினேன்.

சேம்புப் பால் பட்டால் அரிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் திருடுகிற அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது? இரண்டு கையும் முழங்கை வரை தீப்பிடித்த மாதிரி அரித்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், புளி தடவினேன். அதற்குள் பின்தெருவில் ராயம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"என் சேம்பைப் புடுங்கினவன் கை அரிச்சே போவணும்டா! ராத்திரி பகல்னு இல்லாம அரிக்கணும்!"

நான் வீட்டுக்குள் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தேன். புஷ்பமேரி என் கையைப் பார்த்தாள், மூலையில் இருந்த ஈரக்கோணியைப் பார்த்தாள். டீச்சர் அல்லவா, கணக்குப் போட்டுவிட்டாள். "ஏங்க, சின்னம்மாகிட்டக் கேட்டா ஆகாதா?" என்றாள்.

"கேட்டா தழையாது."

"யாரு சொன்னது?"

"ராஜப்பன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ராயம்மாள் வசவே தேவலாம்.

மூன்று ஞாயிறு வைதாள் ராயம்மாள். கோயில் வாசலில் கூட்டம் சேர்த்து வைதாள். நான் பக்கத்திலேயே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "என்ன எடுத்தாய்?" என்று கேட்ட சாமியார், சேம்பு என்றதும் இருமிக்கொண்டார். மரச்சட்டத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சேம்புக்கு அதுதான் ரேட் போலிருக்கிறது.

பிடுங்கின மறு சனிக்கிழமையே தொட்டியோடு பங்களாவில் நின்றேன். அம்மா வெளியே வந்தார். செடியைப் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டார். பொய் சொல்ல மாட்டேன், அவர் கண் கலங்கியது. டீப்பாய்க் கண்ணாடியைத் தூக்கி அந்தப் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலில் எச்சில் தொட்டு இலையைத் தேய்த்தும் பார்த்தார். பூட் பாலீஷ்காரன் எனக்கு முன்பே வேறு யாருக்கோ விற்றிருக்கிறான்.

"நிஜம்!" என்றார். "சவரிராயன், இது எங்க கிடைச்சுது?"

இதோ, கேள்வி வந்துவிட்டது. கடத்தூர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்தில் குப்புராஜ் இன்னொரு தொட்டியோடு நிற்கிறான், அவனுக்குக் கடத்தூரில் சொந்தக்காரர்கள். ஒரு வார்த்தை போனால் போதும், பின்தெருவில் ராயம்மாள் காதுக்குச் சாயங்காலமே எட்டும். அவள் அடுத்த பஸ்ஸில் பங்களா வாசலுக்கே வந்து வைவாள். கோயில் தெரு முழுக்க என்னைச் சாக்கடைத் திருடன் என்று காறித் துப்பும்.

"அஞ்செட்டிங்கம்மா" என்றேன். சொன்னவன் அதோடு நிறுத்தினேனா? வாய்தான் ஓடிவிட்டதே! "அஞ்செட்டிக்கு மேல காட்டுக்குள்ள ஒரு ஓடைங்க. யானைங்க தண்ணி குடிக்க வர்ற எடம். ஒரு நாள் முழுக்க நடந்து போனேன். அந்த எடம் எனக்கு மட்டும்தான் தெரியும்."

"யானை வர்ற இடத்துல யானைக்காது!" என்று அம்மா உருகிப் போனார். உடனே தகரம் எடுத்து பெயிண்டால் எழுதினார்: அஞ்செட்டிக் கறுப்பு. நாற்பத்து நாலாவது தொட்டி. குப்புராஜ் முகம் செத்துவிட்டது. எனக்கு அவனைப் பார்த்துப் பரிதாபமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஞானமேரியைத் தூக்கி, "இனிமே தினமும் வருவேன்டி தங்கம்" என்றேன்.

"தினமுமா?" என்றாள் குழந்தை, சந்தேகமாக.

ஜூன் பன்னிரண்டாம் தேதி ஆர்டர் வந்தது. கடத்தூர், திரு. குப்புராஜ். அதே கவரில் எனக்கு இன்னொரு காகிதம்: அஞ்செட்டிப் பகுதியில் திரு. சவரிராயனின் அனுபவமும் ஈடுபாடும் பொதுநலன் கருதி அங்கேயே தேவைப்படுவதால், மறு உத்தரவு வரும்வரை அவர் அங்கேயே நீடிப்பார். கீழே ஐயாவின் கையெழுத்து. நெருப்பின் கையெழுத்து.

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்காமல் தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். ராஜப்பன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பின்பக்கத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அஞ்செட்டிக் கறுப்பு ஏழு இலை விட்டுத் தழைத்து நின்றது. திருடியது அல்லவா!

"வாங்க சவரிராயன். உங்களைப் பத்தி அவர்கிட்ட ரொம்பச் சொன்னேன்" என்றார் அம்மா. "கடத்தூருக்கு மாத்தறதா இருந்தாராம். நான்தான் விடலை. அந்தக் காடு இவருக்கு மட்டும்தான் தெரியும், இவரும் வந்துட்டா அங்க யாரு போய்த் தேடுவாங்கன்னு சண்டை போட்டேன். அங்க இன்னும் என்னென்ன இருக்குமோ!"

போதும், மானம் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. வைதால் வையட்டும், காறித் துப்பினால் துப்பட்டும்.

"அம்மா, மன்னிச்சிருங்க. அது அஞ்செட்டி இல்லீங்க. கடத்தூர்தாங்க. என் மாமியார் வீட்டுச் சாக்கடையில இருந்துதான் எடுத்தேன். அங்க அந்த மாதிரி முப்பது நிக்குதுங்க. சத்தியமா."

அம்மா தண்ணீர் விடுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். கோபமே இல்லாத, ரொம்ப நல்ல சிரிப்பு.

"நீங்களுமா? என்ன சவரிராயன், எனக்கு இதெல்லாம் தெரியாதா? மூணு வருஷமாப் பாக்கறேன். அரூர் சீட் வேணுங்கறவங்களுக்கு அரூர்லதான் செடி கிடைக்கும். பாலக்கோடு வேணும்னா பாலக்கோட்டுல முளைக்கும். குப்புராஜுக்குக் கடத்தூர்க் கிணத்து மேட்டுல. போகட்டும், கேக்கறவங்களுக்கு ஊரைக் குடுத்துட்டுப் போறோம்னு விட்டுடுவேன். இத்தனை பேர்ல தான் எங்க வேலை பாக்கறோமோ அந்த ஊரையே சொன்ன ஒரே ஆள் நீங்க. அதனாலதான் உங்களை நம்பினேன். இப்ப ஆர்டர் வந்ததும் உங்களுக்கும் கடத்தூர்ல முளைச்சிடுச்சா?"

ஜில்லா முழுக்க அத்தனை கிளார்க்குக்கும் தெரிந்த வித்தை எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. மடையன் என்று நான் நினைத்தவன் கடத்தூரில் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பொய்யை நம்பினவர் உண்மையைச் சிரித்துத் தள்ளிவிட்டார்.

"வேணும்னா யாரையாவது அனுப்பி அந்தச் சாக்கடையைப் பாக்கச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"கடத்தூர்ல சாக்கடைதான் இருக்கும். இது காட்டுச் செடி" என்றார் அம்மா. "அடுத்த தடவை வரும்போது இன்னும் ரெண்டு கன்னு கொண்டு வாங்க. வேரோட."

ஞாயிற்றுக்கிழமை ராயம்மாள் வீட்டுக்குப் போனேன். மண்வெட்டியோடு சாக்கடையில் நின்று சேம்பை வெட்டி வெட்டிக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள். "கொசு தாங்கல மாப்ள" என்றாள். என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுவலி, பூசை மணி, அஞ்செட்டி, யானை, அம்மா எல்லாம்.

மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டாள். "அடப் பாவி மாப்ள! கேட்டிருந்தா ஒரு வண்டி ஏத்தி உட்டிருப்பனே. உம்பட பொண்டாட்டி பேரைச் சொல்லிக் குடுத்திருப்பனே."

"கேட்டு வாங்கினா தழையாதுன்னு..."

"அது வாஸ்தவந்தான்" என்றாள் ராயம்மாள் தீவிரமாக. "நானே இதை மொரப்பூர் ரயில் டேசன் தோட்டத்துல யாருக்கும் தெரியாமப் புடுங்கியாந்ததுதான்."

"அப்பறம் எதுக்கு அத்தை மூணு வாரம் என்னை அந்த வைவு வைஞ்சீங்க?"

"வையாம? திருட்டுக் குடுத்தவ வைஞ்சாத்தான் மிச்சம் இருக்கறது தழையும். எனக்கென்ன, உம்மேல கோவமா?"

அவளே இரண்டு கன்றைப் பார்த்து எடுத்து, வேரைச் சாக்குத் துணியில் சுற்றி, தண்ணீர் தெளித்துக் கட்டினாள். கொடுக்கவில்லை. கட்டின மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். "ம், எடுத்துக்கோ. நான் பாக்கலை" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

இதை நான் அஞ்செட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு வாரம் வைத்திருந்து, அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் பூசி, அடுத்த சனிக்கிழமை தர்மபுரியில் இறக்க வேண்டும். கடத்தூர்ச் சாக்கடைச் செடி அஞ்செட்டிக் காட்டுச் செடி ஆவதற்கு வேறு வழி கிடையாது.

மத்தியானம் கடத்தூர் பஸ் ஸ்டாண்டு. மடியில் ஈரமூட்டையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கை அரிக்க ஆரம்பித்திருந்தது. எதிர்ப்பக்கம் டீக்கடையில் குப்புராஜ் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தோடு கழிக்கிற ஆள் மாதிரி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கை தூக்கினான். நானும் தூக்கினேன்.

கீழே புஷ்பமேரி, இடுப்பில் ஞானமேரி. குழந்தை என்னைப் பார்க்கவில்லை. சாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு இலையைத்தான் பார்த்தாள். பஸ் நகர்ந்ததும் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"செடி மாமா டாட்டா! செடி மாமா டாட்டா!"

நான் புஷ்பமேரியின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாக ஒவ்வொரு வாரமும் சொன்னதை இன்றைக்கும் சொல்வாள் என்று காத்திருந்தேன். பஸ் திரும்புகிற வரை பார்த்தேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் ஆட்டினாள். இந்தத் தடவை திருத்தவில்லை.